அவள் பார்வை போகும் பக்கம்

21-10-91, திங்கள்

காலையிலிருந்து தூறல். உறுதியான செய்தி ஒன்று: தீபாவளிக்கு முந்தைய இதழின் அட்டைப்படம் ஆல்பர்ட் எடுத்தது. ஆதாரம்: பத்திரிகையின் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் விசுவம், போனில், அவர் வாயாலேயே. இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்டது உறுதிக்காக அல்ல. மாற்றிச் சொல்வாரோ என்று.

ஆல்பர்ட் மண்ணூர்க்காரன். ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் ஸ்டுடியோ. கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட் சைஸ். என் செய்திக்குப் படம் வேண்டுமென்றால் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் வருவான். படச்சுருளை மெட்ராஸுக்கு அனுப்புவது நான். எந்தப் படம் நன்றாக வந்தது என்று அவனுக்குச் சொல்வதும் நான். இதுவரை.

அந்தப் படம்: ஒரகடம் சாலையில் ஒயர் கட்டும் கம்பெனி ஒன்று. அதன் ஷிப்ட் பஸ். ஜன்னலோரம் வடக்குப்பட்டுப் பெண் தேவகி. நீல ஓவர்கோட், தலையில் கனகாம்பரம், மடியில் டிபன் பாக்ஸ். மழை விட்ட நேரம், கண்ணாடியில் துளிகள். "பிலிமை வீணாக்காதே, கேட் முன்னால் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு எடுப்போம்" என்றேன். தலையாட்டிக்கொண்டே எடுத்துவிட்டான். வரிசைப் படமும் எடுத்தான். அது உள்ளே வரும், தபால்தலை அளவில்.

ஆசிரியர் யோசனை எனக்குத் தெரியும். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் ஒரே நினைவுதான். வேறு முகம் ஒன்று காட்ட வேண்டும். சரியான யோசனை. மே மாதம் ஊர் நிறைய வெளியூர் நிருபர்கள். என் வீட்டுப் போனை வைத்துத்தான் பாதிப் பேர் செய்தி சொன்னார்கள். அவர்கள் பெயரெல்லாம் வந்தது.

கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் பற்றிய இந்தக் கட்டுரை என்னுடையது. நான்கு பக்கம். பெயர்: "நமது நிருபர்". இருபது வருடமாக நான் நமது நிருபர்தான். உள்ளூர் நிருபர்களுக்குப் பெயர் போடுவதில்லை என்பது பத்திரிகை வழக்கம். அட்டைப்படம் எடுத்தவருக்குப் போடுவதும் வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே இதழில் என் தலையில் வந்து விடிந்திருக்கின்றன.

டீக்கடையில் விஷயம் எனக்கு முன்னால் போய்விட்டது. கடைக்காரர்: "இன்னா சார், ஆல்பர்ட்டு எங்கியோ பூட்டாரு. நடிகைங்கல்லாம் இனிமே அவரு வூட்டு வாசல்லதான் க்யூ."

ஆல்பர்ட், கிளாஸைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்: "அட இன்னாபா நீ. அண்ணன் இட்டுகினு போனாரு, நான் அமுக்கினேன். அவ்ளோதான்."

ஒழுங்காகத்தான் சொன்னான். அதுதான் எரிந்தது. கர்வமாக ஏதாவது சொல்லியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டர் பிளக் மாற்ற வேண்டும். கெரசின் வரவில்லை.

சரோஜாவிடம் சாப்பிடும்போது சொன்னேன். "நல்லதுதானே" என்றாள். நல்லதுதான் என்றேன். "அப்புறம் அந்த இட்லிய ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?"

22-10-91, செவ்வாய்

மெட்ராஸ். கட்டுரையை நேரில் கொடுக்க. தபாலில் அனுப்பியிருக்கலாம். அட்டையைப் பார்க்க வேண்டியிருந்தது.

விசுவம்: "வாங்க ஸ்ரீபெரும்புதூர்!" அலுவலகத்தில் எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுவார்கள். திருச்சி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர். இன்றுதான் காதில் உறைத்தது.

அட்டையின் மாதிரித்தாள், டம்மி, மேசைமேல். குறிப்பு:

மேலே பத்திரிகையின் பெயர், சிவப்பு. கடைசி எழுத்தின் காலைத் தேவகியின் கனகாம்பரம் மறைக்கிறது. பெரிய நடிகைகளுக்கு மட்டும் கொடுக்கும் சலுகை அது.

வலது மூலையில் தேதி, விலை.

அடியில் மஞ்சள் பட்டை: "வேறொரு ஸ்ரீபெரும்புதூர்". என் கட்டுரைக்கு. சின்ன எழுத்து.

இடது ஓரத்தில், படத்தை ஒட்டி, நெட்டுக்குத்தாக: "படம்: ஆல்பர்ட்". அதைவிடச் சின்ன எழுத்து. ஆனாலும் கழுத்தைச் சாய்த்து ஒரு தடவைக்கு மேல் படித்தேன்.

படம் நன்றாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், பிறகு மறுக்கக்கூடாது. பஸ்ஸுக்குள் இருட்டு, முகத்தில் மட்டும் மழை வெளிச்சம். வேலைக்குப் போகிற பெண் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி வெளியே பார்க்கிறாள். நான் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எனக்கு டிபன் பாக்ஸ்தான் தெரிந்தது.

வலது பக்கம், முகத்துக்கு நேரே, சிவப்புக் கட்டத்தில் மூன்று வரி. விசுவம் விளக்கினார்: "பார்வை போற பக்கம் இடம் விடணும். இல்லேன்னா செவுத்துல முட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். வாங்கறவன் மொதல்ல மொகத்தப் பாப்பான். அப்புறம் அவ எங்க பாக்கறாளோ அங்க பாப்பான். சரக்கு அங்கதான் இருக்கணும்."

பிறகு டம்மியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தார். அது அவர் பழக்கம். "படிக்க ஆரம்பிச்சா கண்ணு ஏமாத்திடும். கவுத்து வெச்சாதான் எது கனம், எது லேசுன்னு தெரியும். பாருங்க, தராசு மாதிரி நிக்குது."

நின்றது. நேராகத் திருப்பினார். அப்போதுதான் படித்தேன்.

"கல்யாண ஆசை காட்டிக் கெடுத்தார்கள்! ஏமாந்த பெண்களின் கண்ணீர்க் கதை."

வேறு மாவட்டத்துக் கட்டுரை. தேவகிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் முதலில் முகம், பிறகு வரி. அவளே வாய் திறந்து சொல்வதுபோல் இருந்தது. விசுவம் இதைத் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறார். ஆசிரியர் வரியை வெள்ளைத்தாளில் எழுதியிருப்பார், படத்தைத் தனியாகப் பார்த்திருப்பார். இரண்டையும் சேர்த்து நேராகப் படித்த முதல் ஆள் நான்.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

உள்ளது உள்ளபடி: வரியைப் படித்ததும் முதலில் தோன்றியது தேவகி அல்ல. இது இப்படியே வெளிவந்தால் ஆல்பர்ட்டை இனி எந்த ஊர்க்காரனும் கேமராவோடு வாசலில் ஏற்றமாட்டான் என்பது. அதன் பிறகுதான் தேவகி.

திரும்பும்போது பூந்தமல்லி வரை நின்றுகொண்டே. கண்டக்டருக்கும் ஒரு அம்மாளுக்கும் சில்லறைச் சண்டை. "சில்ற இல்லாம இன்னாத்துக்குமா பஸ்ல ஏறினே, நடந்து போறதுதானே?" பஸ்ஸே சிரித்தது. நானும்.

23-10-91, புதன்

நல்ல வெயில். வடக்குப்பட்டு. காரணம்: கட்டுரையில் வயது, தகப்பன் பெயர் சரிபார்க்க. நியாயமான காரணம்தான்.

தேவகிக்குச் செகண்ட் ஷிப்ட், வீட்டில் இருந்தாள். தகப்பன் கழனியில். அம்மா முனியம்மா பாயை உதறிப் போட்டாள்: "வா சார், குந்து. வூடு கெடக்கற கெடையப் பாக்காத."

வயது இருபது. எழுதியது சரி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். சம்பளத்தில் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றியிருக்கிறார்கள்.

தேவகி: "சார், போட்டோல மூக்குத்தி தெரியுதா?"

"தெரிகிறது."

"கவரிங்குதான் சார். அது தெரியலியே?"

இல்லை என்றேன். அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு: "உங்க பேரு எங்க சார் போடுவாங்க?"

"போடமாட்டார்கள்."

"எழுதினது நீங்கதானே சார்? போட்டோக்காரர் பேரு வருமாம், அவரே சொன்னாரு."

முனியம்மா: "சும்மா இர்றீ. பெரியவரப் போயி கேள்வி கேட்டுகினு."

காப்பி. சுக்குப் போட்டது. போதுமான சர்க்கரை.

முனியம்மாவாகவே சொன்னாள். வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. தீபாவளி கழிந்து வளர்பிறையில் பூ வைக்க வருகிறார்கள். "மாப்ளயோட அப்பாரு பஸ் ஸ்டாண்டுல கட வெச்சிகினு கீறாரு சார். பீடி, சோடா, பொஸ்தகம் எல்லாம். வாரா வாரம் உங்க பொஸ்தகம்தான் மொதல்ல தொங்கும். இவ படம் வருதுன்னு சொல்லி அனுப்சோம். அப்டியா, கட முச்சூடும் மாட்டி உட்டுர்றேன்னாராம்."

க்ளிப்பில் மாட்டிய இதழ்கள். நூல் கயிறு. பஸ்ஸுக்கு நிற்கிறவன் எவனும் உள்ளே புரட்டமாட்டான், கடைக்காரர் விடமாட்டார். முகம், பிறகு வரி. அவ்வளவுதான் படிப்பான். மாப்பிள்ளையின் அப்பாவும் அதைத்தான் முதலில் படிப்பார், மாட்டும்போது.

தேவகியிடம் சொல்ல வாயெடுத்தேன். ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. ஓடினாள். ஜன்னல் சீட்டுக்கு ஒரு தள்ளுமுள்ளு. "ஏய், அவளுக்கு உடுங்கடி, அட்டப்பட ஸ்டாரு!" என்று ஒருத்தி கத்தினாள்.

வீட்டுப் போன் நேற்றிலிருந்து ஊமை. மாலை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். ஆள் வரிசை. நின்றேன். முன்னால் இருவர் மட்டும் மிச்சம் இருந்தபோது கிளம்பி ஆல்பர்ட் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டேன். அவனிடம் சொல்லிவிடலாம், அவனே பேசட்டும் என்று.

வாசலில் பெயின்டர். "அட்டைப்பட கலைஞர் ஆல்பர்ட்" என்று போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆல்பர்ட் பக்கத்தில் நின்று மேற்பார்வை. "அண்ணே, 'புகழ்'னு முன்னாடி ஒன்னு சேக்கலாமா? ஜாஸ்தியா கீதா?"

"சேர்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில்: "போன் பண்ணினா பொறாமையில பண்றான்னு சொல்லுவாங்க. அதானே உங்க பயம்?"

கீழே விழுந்த ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"பொறாமையிலதான் பண்ணுங்களேன். அந்தப் பொண்ணுக்கு என்ன, யார் பண்ணினா என்ன?"

24-10-91, வியாழன்

காலை முதல் வேலையாகப் பூத்திலிருந்து போன். விசுவம் எடுத்தார்.

சொன்னேன். தாள் புரளும் சத்தம். டம்மியை எடுத்து நேராக வைத்துப் படிக்கிறார் என்று புரிந்தது. "அடச்சே" என்றார். பிறகு: "யாருக்குமே தோணலியே சார்." முதல் தடவையாக சார்.

அவர் சொன்ன வழிகள் இரண்டு. ஒன்று, படத்தை மாற்றுவது. அது அவர் கையில் இருக்கிறது. எந்த அட்டைக்கும் மாற்றாக ஒரு நடிகையின் படம், ஸ்லைடாக, மேசை டிராயரில் எப்போதும் தயார். "அந்தம்மா மூஞ்சிக்கு இந்த வரி ஒட்டாது. நடிகைய யாரும் தப்பா எடுத்துக்கமாட்டான்." இரண்டு, வரியை மாற்றுவது. அதில் கைவைக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆசிரியர் எழுதியது, விற்கும் வரி என்று நினைத்து எழுதியது. அவர் உறவுக்காரர் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் பக்கம் போயிருக்கிறார். திங்கள் காலைதான் வருவார். அன்றைக்கே அட்டை அச்சுக்குப் போக வேண்டும். அவர் மாட்டேன் என்று சொன்னால் அவ்வளவுதான்.

"நீங்க சொல்லுங்க. படத்த எடுத்துரட்டா? ஒரே நிமிஷ வேல."

ஒரு சொல். ஆல்பர்ட்டின் பெயர் இடது ஓரத்திலிருந்து காணாமல் போய்விடும். காரணம் சுத்தமான காரணம். ஊரில் யாரும் குறை சொல்ல முடியாது. எத்தனையோ செய்திகளில் இப்படி எல்லாம் கூடிவந்ததில்லை.

"படம் இருக்கட்டும். வரிக்கு ஆசிரியரைக் கேளுங்கள்" என்றேன்.

"உங்க பேர சொல்லிக் கேக்கட்டுமா?"

"சொல்லுங்கள்."

வெளியே வந்து ஒரு சோடா. பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் நடந்தேன். மாலை வரை அந்த நடை இருந்தது.

தாலுகா ஆபீஸ் செய்தி ஒன்று அனுப்பினேன். ஏரி மதகு ரிப்பேர். யாரும் படிக்கமாட்டார்கள்.

25-10-91, வெள்ளி

மழை. தெருவில் முழங்கால் நீர்.

காலையிலேயே ஆல்பர்ட். குடையில்லாமல். அலுவலகத்திலிருந்து யாரோ நேற்று பக்கத்துக் கடை போனில் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்: உங்கள் ஊர் நிருபர் அட்டையில் தகராறு செய்கிறார், படம் வருவது சந்தேகம்.

"இன்னாண்ணே இது? வேற எவனாவது பண்ணியிருந்தா மூஞ்சிலயே குத்தியிருப்பேன். நீயா?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பன்னெண்டு வருசமா உன் பின்னாலயே வண்டில குந்திகினு வந்தேன். ஒரு தபா என் பேரு வந்தா உனக்கு ஆவலியா? பொறாமண்ணே உனக்கு."

"ஆமாம்" என்றேன்.

அதை எதிர்பார்க்கவில்லை. வாய் திறந்தபடி நின்றான். சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது.

பிறகு சிவப்புக் கட்டத்து வரியைச் சொன்னேன். முழுதாக, ஆச்சரியக்குறியோடு. வாலாஜாபாத் கடையைச் சொன்னேன், ஆசிரியர் திங்கள் வந்துதான் முடிவு என்பதையும். அவனுக்கு எதுவும் தெரியாது. அட்டையை அவன் இன்னும் பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் குளம்.

"எப்போ பாத்தேண்ணே இத்த?"

"செவ்வாய்."

"இன்னிக்கு வெள்ளி."

"வியாழன் சொன்னேன்."

"நடுவுல?"

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அவனும் வற்புறுத்தவில்லை. நான் திரும்பியதும் கேட்டான்: "வரிய எடுக்கச் சொன்னியா, படத்தயா?"

"வரியை."

"படத்த எடுக்கணும்னு தோணலியா?"

"தோணிற்று."

தலையைத் துடைத்துக்கொண்டான். சரோஜா துண்டு கொடுத்திருந்தாள். "ஆசிரியரு திங்கக்கெழம வந்து வரிய எடுக்கமாட்டேன்னுட்டா?"

"வந்துவிடும். அப்படியே."

"பின்ன இன்னாத்துக்குண்ணே படம் இருக்கட்டும்னே?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். "அந்தப் பொண்ணு கதி இன்னா ஆவறது?"

எழுந்தான். ஸ்கூட்டர் கிளம்பாது, பிளக்கில் தண்ணீர். இருவரும் தண்ணீரில் நடந்தே பூத்துக்குப் போனோம். விசுவத்தோடு அவனே பேசினான். கதவு திறந்திருந்தது, எல்லாம் கேட்டது. "சார், நான் ஆல்பர்ட் பேசறேன். ஆமா, போட்டோக்காரன். அந்த வரி போகலன்னா என் படத்த எடுத்துருங்க சார். இல்ல சார், நல்லா யோசிச்சிதான் சொல்றேன். அந்தப் பொண்ணு என்னை நம்பி மூஞ்சியக் காட்டிச்சு சார்." ஒரு நிமிடம் கேட்டான். "பேரு பத்திக் கேக்கல சார். படம் இல்லாத எடத்துல பேரு எதுக்கு?"

நான் செவ்வாயிலிருந்து சுற்றிச்சுற்றி வந்த இடத்துக்கு அவன் நனைந்த சட்டையோடு நேராகப் போய்விட்டான்.

இங்கே எழுதிவிடுகிறேன். வியாழனன்று படம் இருக்கட்டும் என்று நான் சொன்னது தேவகிக்காக அல்ல. ஆல்பர்ட்டுக்காகவும் அல்ல. என்னைப் பொறாமைக்காரன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக. அந்தப் பெண்ணின் முகத்தைப் பணயம் வைத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அவன் படத்தைப் பார்த்து வந்த பொறாமை ஒரு மாதிரி. இன்று பூத் வாசலில் வந்தது வேறு மாதிரி. இதற்கு மருந்து இல்லை.

சாப்பாடு: வெறும் ரசம், அப்பளம். காய்க்காரி வரவில்லை.

26-10-91, சனி

வானம் மூட்டம், மழை இல்லை. தெருத் தண்ணீர் வடிந்துவிட்டது.

ஸ்டுடியோ வழியாகப் போனேன். போர்டில் "அட்டைப்பட கலைஞர்" வரை காய்ந்திருக்கிறது. பெயின்டரை நிறுத்தி வைத்திருக்கிறான். உள்ளே ஒரு குடும்பம், குழந்தைக்கு முதல் போட்டோ. "பாப்பா, இங்க பாரு, குருவி குருவி!" என்று கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். சிரிக்கவில்லை. வெளியே போ என்றும் இல்லை.

விசுவத்தோடு பேசியது, மதியம். அவர் சொன்னவை:

சிவப்புக் கட்டத்தை அடியில் இறக்கி, மஞ்சள் பட்டையை முகத்தின் பக்கம் ஏற்றி, இன்னொரு டம்மி தன் பொறுப்பில் தயார் செய்துவிட்டார். தேவகியின் பார்வை போகும் இடத்தில் இப்போது "வேறொரு ஸ்ரீபெரும்புதூர்". எழுத்தும் பெரிதாகிவிட்டது. "ஒங்க கட்டுரைக்கு அடிச்சுது யோகம்" என்றார். மகிழ்ச்சி வரவில்லை. வந்தது, உடனே போய்விட்டது.

நடிகை ஸ்லைடும் உறையில் தயார்.

பழையது, புதியது, இரண்டு டம்மியையும் ஆசிரியர் மேசைமேல் வைப்பார். ஆசிரியர் பழைய டம்மியே இருக்கட்டும் என்றும் சொல்லக்கூடும். போன வருடம் ஒரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னால் ஸ்லைடை மாற்றிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன், திட்டு நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார் விசுவம். அவர் பேச்சு. எழுத்தில் இல்லை.

மாலை வடக்குப்பட்டு. முனியம்மாவிடமும் தேவகியின் அப்பாவிடமும் சொன்னோம், ஆல்பர்ட்டும் நானும். படம் வராமலே போகலாம், ஏன் என்பது. வரியை ஆல்பர்ட்தான் சொன்னான். நான் சொல்லியிருந்தால் செய்தி மாதிரி சொல்லியிருப்பேன். அப்பா தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டார். பிறகு, "வர்லன்னா வாலாஜாபாத்துக்கு இன்னானு சொல்லி அனுப்பறது?" என்று மட்டும் கேட்டார். முனியம்மா காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. நியாயம்.

தேவகி ஷிப்டில் இருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது. அம்மா சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

நிலுவை: அட்டை. எந்த டம்மி, எந்த முகம், எந்த வரி. தெரியும் நேரம்: திங்கள் காலை, ஆசிரியர் இருக்கைக்கு வந்த பிறகு. போன் பேசப்போவது ஆல்பர்ட். நான் பூத்துக்கு வெளியே நிற்பேன்.